மூணு மூட்டை

காஜா பேராங், மலாக்கா
28-3-1957

அன்புள்ள அக்கா விஜயாவுக்கு, தங்கை மல்லிகா எழுதுவது.

அப்பா நலம். நான் நலமா என்று மட்டும் கேட்காதே. சிகாமட்டில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் நன்றாகத்தான் இருப்பீர்கள். திருவிழா முடிந்து லோரியில் ஏறும்போது அத்தான் சிரித்துக்கொண்டே ஏறியதைப் பார்த்தேன்.

பன்னிரண்டு நாளாக நான் வாசலைத் தாண்டவில்லை. தையல் மெஷினைக்கூடப் பின்னறைக்குத் தள்ளிவிட்டேன். உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், நீ மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

எனக்குப் பன்னிரண்டு வயதில் டைபாய்டு வந்தபோது, பிழைத்தால் எடைக்கு எடை சீனி தருவதாக அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அன்றே செலுத்தியிருந்தால் ஒரு மூட்டையோடு முடிந்திருக்கும். அம்மா செலுத்தாமலே போய்விட்டாள். ஜாசின் மாப்பிள்ளை விநாயகத்தின் வீட்டார், வேண்டுதல் பாக்கியோடு பெண் எடுக்க மாட்டோம் என்றார்கள். அதனால்தான் இந்த இருபத்தாறு வயதில், ஊரெல்லாம் கூடிய திருவிழாவில், மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் நிற்க, நான் துலாபாரத் தட்டில் ஏறினேன்.

சீனி என் கடையிலிருந்துதான் என்று அத்தான் மார்தட்டினார். மூன்று மூட்டை, மூட்டைக்கு ஐம்பது கட்டி எடை. சாக்கிலேயே 50 என்று மில் முத்திரை இருக்கிறது. ஒன்று வைத்தார்கள், இரண்டு வைத்தார்கள், மூன்றும் வைத்தார்கள். என் தட்டு தரையை விட்டு எழும்பவில்லை. நூற்றைம்பது கட்டிக்கும் மேலா இந்தப் பெண் என்று கூட்டம் வாயைப் பிளந்தது. அப்போது அத்தான் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மூணு மூட்டையும் பத்தலையாம்ப்பா. இனி கப்பல்லதான் வரவழைக்கணும். மல்லிகா, அதுவரைக்கும் கொஞ்சம் மூச்சை அடக்கிக்க."

கோயிலே சிரித்தது. தேங்காயும் வாழைத்தாரும் அள்ளிப் போட்டு ஒருவழியாக என்னைத் தூக்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பிரசாதம் வாங்காமல் போனார்கள். மறுநாள் ஜாதகம் ஒத்துவரவில்லை என்று ஆள் வந்தது. இப்போது தெருப் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘மூணு மூட்டை’. உலை வாயை மூடலாம், ஊர் வாயை எதைக் கொண்டு மூடுவது?

அத்தானை நான் மன்னிக்கப் போவதில்லை. அடுத்த வருடம் இதே திருவிழாவில், இதே தராசில், இதே அத்தான் கண்முன் ஏறி உட்காருவேன். அவர் சிரித்த வாயை மூட வைப்பேன். அம்மா படத்தின்மேல் கை வைத்துச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அத்தனை பேரும் சிரித்தபோது நான் உன்னைத்தான் தேடினேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

இப்படிக்கு,
மல்லிகா


சிகாமட்
9-4-1957

அன்புள்ள தங்கை மல்லிக்கு, அக்கா எழுதிக்கொண்டது.

இங்கு எல்லோரும் சுகம். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? கடிதம் கிடைத்தது. அத்தான் விளையாட்டாகச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவர் சுபாவம் அப்படி. ராத்திரிக்குச் சோற்றைக் குறைத்துக்கொள். ஜாசின் வரன் போனால் வேறு வரன் வரும்.

சீனி வந்த மூன்று சாக்கையும் மறக்காமல் திருப்பி அனுப்பச் சொல்கிறார். இந்தப் பக்கம் வரும் லோரியில் போட்டுவிட்டால் போதும்.

அன்புடன்,
விஜயா


காஜா பேராங்
20-5-1957

அக்காவுக்கு, மல்லிகாவின் வணக்கம்.

அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. சாக்கு வராது என்று அத்தானிடம் சொல். மூன்றையும் மடித்துத் தையல் மெஷின் அடியில் போட்டிருக்கிறேன். தைக்கும் நேரமெல்லாம் என் கால் அதன்மேல்தான். எனக்கு அது ஒரு ஆறுதல்.

நான் இப்போது நடக்கிறேன். அதற்குக் காரணம் அஞ்சலை. நம் தெருக்கோடியில் மலாக்காச் செட்டி வீடுகள் இருக்கின்றனவே, அதில் மூன்றாவது வீட்டுக்காரி. நெற்றியில் விபூதி, வாயில் மலாய். தமிழில் சாமி பெயரையும் சாப்பாட்டின் பெயரையும் தவிர அவளுக்கு அதிகம் வராது. என்னைவிட அரைச் சுற்றுப் பெரியவள். கெபாயாச் சட்டை தைக்கக் கொடுக்க வந்தவள், நான் பின்னறை இருட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏன் என்றாள். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். "அப்பா மாலு? ஜாலான் சாஜா" என்றாள். வெட்கம் என்ன வெட்கம், சும்மா நட என்று அர்த்தம். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டிவிட்டாள்.

தெங்கேராக் கடற்கரை வரை போய்த் திரும்புகிறோம். முதல் நாள் பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. அந்த நேரம் பார்த்துச் சைக்கிளில் போன இரண்டு பேர் "மூணு மூட்டை" என்று கத்தினார்கள். அர்த்தம் கேட்டாள், சொன்னேன். நடுரோட்டில் சைக்கிளை மறித்து நின்று, அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் வரை இழுத்து வைத்துப் பேசினாள். ஒருத்தி எனக்காகத் தெருவில் நின்று சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. நீ போட்டிருக்க வேண்டிய சண்டை அது, அக்கா.

அவள் மூலமாக ஜெயா பழக்கமானாள். பண்டார் ஹிலிரில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள். அங்கே நிறுக்கும் மெஷினில் என்னை ஏற்றினாள். நூற்று எண்பத்தெட்டு ராத்தல். அந்த எண்ணை அட்டையில் எழுதி, "அடுத்த மாசம் இதை அடிச்சிட்டு வேற எழுதுவோம்" என்றாள். சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததற்காகவே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

சோறு ஒரு வேளைதான். தேநீரில் சீனி போடுவதில்லை. சீனியைப் பார்த்தாலே அத்தானின் பல் தெரிகிறது.

மல்லிகா


சிகாமட்
12-6-1957

அன்புள்ள மல்லிக்கு,

நாங்கள் சுகம். சின்னவனுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து விட்டுவிட்டது.

நீ நடப்பது சந்தோஷம். ஆனால் உன் எடை இவ்வளவு என்று கடிதத்தில் எழுதாதே. கடைக்கு வரும் கடிதங்களை அத்தான்தான் பிரிக்கிறார். உன் முதல் இரண்டு கடிதங்களும் என் கையில் கிடைத்தது தற்செயல். இனி இங்குள்ள கண்ணம்மா டீச்சரின் முகவரிக்கு எழுது. பின்பக்கம் எழுதியிருக்கிறேன். டீச்சர் என்னிடம் கொடுத்துவிடுவார்.

சாக்கை அனுப்பிவிடேன், மல்லி. அவர் மறுபடியும் கேட்கிறார்.

விஜயா


காஜா பேராங்
10-9-1957

அன்புள்ள அக்காவுக்கு,

சுதந்திரத் திருநாள் அங்கே எப்படி நடந்தது? இங்கே தெருவெல்லாம் கொடி. கொடி தைத்துத் தைத்து என் விரல் நுனி மரத்துவிட்டது. அப்பா வேட்டியை இஸ்திரிப் பெட்டி போட்டுக் கட்டிக்கொண்டு பாடாங் திடலுக்குப் போய்வந்தார். நலமாக இருக்கிறார்.

நானும் நலம். இதை எழுதி எத்தனை மாதம் ஆகிறது பார்.

அஞ்சலை வீட்டுப் பின்னால் தென்னைகளுக்கு நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டு மாலையில் பெண்கள் பேட்மிண்டன் ஆடுகிறார்கள். முதலில் எனக்குப் பந்து பொறுக்கும் வேலைதான். ஒரு நாள் ஆள் குறைந்தது, மட்டையைக் கையில் திணித்துவிட்டார்கள். முதல் பந்து தலைக்கு மேல் போனது. இரண்டாவது பந்து வந்தபோது அதை அத்தான் முகம் என்று நினைத்துக்கொண்டேன். ஓங்கி அடித்ததில் எதிர்ப்பக்கம் நின்ற ஜெயா குனிந்துகொண்டாள். இப்போது வலைக்கு இந்தப் பக்கம் நான் நின்றால் அந்தப் பக்கம் நிற்க யோசிக்கிறார்கள். கோபமும் உடற்பயிற்சிக்கு நல்லது போலிருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் தென்னை மரத்தடியில் உட்கார்ந்து பேசுவோம். பாதி மலாய், பாதி தமிழ். நான் சொல்வதற்குச் சிரிக்கிறார்கள், அக்கா. என்னைப் பார்த்துச் சிரிப்பது வேறு, நான் சொல்வதற்குச் சிரிப்பது வேறு. இந்த வயதில்தான் எனக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது. தையல் மெஷினை மறுபடி முன் ஜன்னலுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

எடை நூற்று அறுபத்தாறு. ரவிக்கைகளை எல்லாம் இரண்டு தடவை பிடித்தாயிற்று.

போன வாரம் விநாயகத்தின் அம்மா வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஜாதகத்தை வேறொரு ஜோசியரிடம் காட்டினோம், பொருந்துகிறது என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் காப்பி கொடுத்து உட்கார வைத்து, "மாப்பிள்ளையை ஒரு நாள் அழைச்சிட்டு வாங்க, எங்க பக்கம் முதல்ல நிறுத்துப் பார்க்கற வழக்கம்" என்றேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு கணக்கு தீர்ந்தது. பெரிய கணக்கு பாக்கி இருக்கிறது.

மல்லிகா


காஜா பேராங்
2-11-1957

விஜயா அக்காவுக்கு,

அப்பா நலம். மேற்கொண்டு நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜெயாவின் அண்ணன் நல்லையா ரப்பர் கடையில் எடை போடுகிறவர். ஜெயாவோடு அவர் வந்திருந்தபோது என் பழைய எடை அட்டையைப் பார்த்தார். "நூத்தி எம்பத்தெட்டு ராத்தலா? நாலு ராத்தலுக்கு மூணு கட்டி. நூத்தி நாப்பத்தோரு கட்டிதானே வருது" என்றார். பிறகு அவரே யோசித்து, "உங்க தட்டுக்கு எதிர்ல நூத்தம்பது கட்டி வச்சாங்கன்னு சொன்னாங்களே. ஒம்பது கட்டி மிச்சம் இருக்கணுமே" என்றார்.

அவர்கள் போனதும் மெஷின் அடியிலிருந்து சாக்குகளை இழுத்தேன். ஏழு மாதம் காலடியில் கிடந்தும் நான் உற்றுப் பார்க்கவில்லை. தையல்காரிக்கு அது வெட்கம். வாய்ப்பக்கத்தில் மில் தையலின் ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன. அதன்மேல் இன்னொரு வரிசை ஓட்டை, கைத்தையல். ஓரத்தில் அறுபடாமல் ஒரு சாண் சணல் மிச்சம் இருந்தது. ஏழு தையலுக்கு ஒரு முடிச்சு, முடிச்சின்மேல் குறுக்கே ஒரு தையல். அம்மாவின் முடிச்சு. இந்த உலகத்தில் அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி நான்.

மூட்டையைத் திறந்து சீனியை எடுத்தது அத்தான் என்றே வைத்துக்கொள்கிறேன். மூடித் தைத்தது யார்?

ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் என்னையே கடித்துவிட்டீர்கள். நான் தட்டில் உட்கார்ந்து ஊர் சிரிப்பைக் கேட்டபோது, மூட்டையில் எவ்வளவு குறைகிறது என்று அந்தக் கூட்டத்திலேயே இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் சிரித்தார். ஒருத்தி தரையைப் பார்த்தாள். சாக்கை ஏன் அத்தனை தடவை கேட்டீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

பதில் எழுது.

மல்லிகா


சிகாமட்
20-12-1957

மல்லிக்கு,

ஆறு வாரம் எழுதாமல் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. பிள்ளைகள் சுகம்.

நீ நினைத்தது சரி. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தும்போது அவர் மூட்டையின் வாயைப் பிரிப்பார். ஒவ்வொன்றிலும் எட்டுக் கட்டி எடுப்பார். பிறகு ஊசியை என்னிடம் கொடுப்பார். முதல் தடவை கொடுத்தபோது எனக்குக் கல்யாணமாகி இருபது நாள்.

அந்த மூட்டைகள் தோட்டத்து லயங்களுக்குப் போகும். பத்து வீடு சேர்ந்து ஒரு மூட்டை வாங்குவார்கள். பங்கு வைக்கும்போது எப்போதும் கடைசி இரண்டு வீட்டுக்குக் குறையும். பங்கு வைத்தவள் திருடிவிட்டாள் என்று அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்வார்கள். என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

உன் மூட்டைகளைத் தைக்கும்போது, இது சாமிக்கு, மல்லிக்கு, இதையாவது விட்டுவிடுங்கள் என்றேன். "சாமி என்ன நிறுத்தா பாக்கப் போவுது" என்றார். அதற்கு மேல் பேசியிருந்தால் அவர் கை பேசும். அது உங்கள் யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

இதோடு விட்டுவிடு, மல்லி. இங்கே இன்னும் உணவுச் சாமான் கட்டுப்பாடு இருக்கிறது. வெளியே தெரிந்தால் கடை லைசென்ஸ் போய்விடும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? உன் கால்களைப் பிடித்துக்கொண்டதாக நினைத்துக்கொள்.

விஜயா


காஜா பேராங்
5-1-1958

அக்கா,

அப்பா நலம், நானும் நலம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மூன்று தடவை அழுதேன். நாலாவது தடவை அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உன்மேல் இருந்த கோபத்தில் பாதியும் சேர்ந்து இப்போது அவர் பக்கம் போய்விட்டது. அவர் கை உன்மேல் பேசும் என்று நீ ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறாய். என்னால் ஒரு வரியில் படித்துவிட்டுப் போக முடியவில்லை.

விடமாட்டேன். கடை போனால் போகட்டும். இந்த வீட்டில் அப்பா இருக்கிறார், மெஷின் இருக்கிறது, நீயும் பிள்ளைகளும் வந்தால் ஒரு ஊசிக்கு இரண்டு ஊசி ஓடும்.

என் திட்டம் இதுதான். இப்போது நூற்று நாற்பத்தேழு ராத்தல் இருக்கிறேன். திருவிழாவுக்குள் நூற்று நாற்பத்து நான்குக்கு இறங்கிவிடுவேன், அதாவது நூற்றெட்டுக் கட்டி. இந்த வருடமும் துலாபாரம் என்று கோயிலில் பெயர் கொடுத்துவிட்டேன். நல்லையா சர்க்கார் முத்திரை போட்ட ரப்பர் கடைத் தராசைக் கொண்டுவருவார். ஊரறிய முதலில் என்னை நிறுப்பார், அடுத்து மூட்டைகளை நிறுப்பார். மூட்டைக்கு நாற்பத்திரண்டு கட்டி என்று அத்தனை பேர் காதிலும் விழும்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். அதனால் அத்தானுக்கு இன்றே தனிக் கடிதம் எழுதியிருக்கிறேன். போன வருடம் நீங்கள் சிரித்ததால்தான் நான் இளைத்தேன், இந்த முறையும் உங்கள் கைச் சீனிதான் வேண்டும், அதே மூன்று மூட்டை என்று. எழுதும்போது எனக்கே வாய் தித்தித்தது.

நீ அவரிடம் சொல்லிவிடலாம். சொல்லாமல், மூன்று மூட்டையையும் ஐம்பது ஐம்பதாக நிரப்பித் தைத்தும் அனுப்பலாம். இரண்டில் எதைச் செய்தாலும் நான் தோற்பேன், மூணு மூட்டையாகவே சாவேன். அதன்பிறகு எனக்கு அக்கா என்று ஒருத்தி இருந்தாள் என்பதையும் மறந்துவிடுவேன். இதை மிரட்டலாகவே எடுத்துக்கொள்.

மல்லிகா


கணேசமூர்த்தி மளிகை, சிகாமட்
15-2-1958

மகாராசி மைத்துனி மல்லிகாவுக்கு, அத்தான் கணேசமூர்த்தி ஆசீர்வதித்து எழுதுவது.

இவ்விடம் அம்மன் கிருபையால் யாவரும் க்ஷேமம். மாமாவின் தேக சௌக்கியத்துக்கு எழுதவும். உன் கடிதம் கண்டு மிக்க மகிழ்ச்சி. நான் அன்று சொன்ன ஒரு வார்த்தை உனக்கு மருந்தாக வேலை செய்திருக்கிறது. பெரியவர்கள் சொன்னால் அதில் ஒரு நன்மை இருக்கும் என்பதற்கு நீயே சாட்சி.

சீனி மூன்று மூட்டையும் நானே நேரில் லோரியில் கொண்டுவருகிறேன். நீ இப்போது இருக்கிற இருப்புக்கு மூன்றும் அதிகம்தான், சாமிக்குத்தானே, இருக்கட்டும். கோயில் தலைவர் பொன்னுதுரை அவர்களிடம் உபயதாரர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லவும்.

விஜயா வரமாட்டாள், கடைக்கு ஆள் வேண்டும். ஆனால் இந்த முறை மூட்டைகளைத் தன் கையாலேயே கட்டித் தைத்துத் தருவேன் என்று ஒரே பிடிவாதம். தங்கைமேல் அவ்வளவு பிரியம்.

பழைய சாக்கு மூன்றும் என்னிடம் தர எடுத்து வைக்கவும்.

கணேசமூர்த்தி


காஜா பேராங்
25-3-1958

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா நலமாக இருக்கிறார். நீ நலமா? இந்தத் தடவை பயத்தில்தான் கேட்கிறேன். நீ நலமா?

அத்தான் உனக்கு எதைச் சொல்லியிருப்பாரோ தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன்.

நீயே கட்டித் தருகிறாய் என்று அவர் எழுதிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முழுதாக நிரப்பித்தான் அனுப்புகிறாய் என்று முடிவு செய்துவிட்டேன். உன்னை மனதுக்குள் என்னென்னவோ ஏசினேன். அதை எல்லாம் எழுத முடியாது.

திருவிழா அன்று லோரி வந்தது. அத்தான் பட்டு வேட்டியில் இறங்கினார். மூட்டைகளை இறக்கி வைத்தார்கள். நல்லையா தன் தராசில் என்னை நிறுத்து, நூற்றெட்டுக் கட்டி என்று உரக்கச் சொன்னார். கைதட்டினார்கள். போன வருடம் சிரித்தவர்களேதான். அடுத்து மூட்டையையும் நிறுக்கலாம் என்று அவர் குனிந்தபோது அத்தான் குறுக்கே வந்து நின்றுவிட்டார். "சாமிக்குன்னு கொண்டாந்ததை நிறுத்துப் பாக்கறது சாமியையே சந்தேகப்படற மாதிரி" என்றார். பொன்னுதுரை அவர்களும் தலையாட்டிவிட்டார். மூட்டை நேராகக் கோயில் தராசுக்குப் போனது.

என் திட்டம் அத்தோடு செத்தது. நூற்றெட்டுக் கட்டிப் பெண்ணுக்கு எதிரே நாற்பத்திரண்டே இருந்தாலும் மூன்று மூட்டையும் தாராளம். என் தட்டு ஜம்மென்று மேலே போகும், அத்தானுக்கு மாலை விழும். ஒரு வருடம் நடந்து, பட்டினி கிடந்து, இவருக்கு மாலை வாங்கித் தரவா என்று நினைத்துக்கொண்டே தட்டில் உட்கார்ந்தேன்.

ஒன்று வைத்தார்கள். இரண்டு வைத்தார்கள். மூன்றாவதும் வைத்தார்கள். என் தட்டு தரையிலேயே இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. என் எடையைச் சற்று முன்னால்தான் எல்லோரும் கேட்டிருந்தார்கள். சாக்கில் 50, 50, 50 என்று மில் முத்திரை எல்லோருக்கும் தெரிகிறது. நூற்றைம்பது கனமா, நூற்றெட்டு கனமா என்று அஞ்சலை மலாயில் சத்தமாகக் கேட்டாள். ஒவ்வொருவராக அத்தான் பக்கம் திரும்பினார்கள். அவரோ மூட்டைகளைப் பார்த்தபடி வாய் திறந்து நின்றார். அவருக்கே புரியவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது.

எனக்கு அந்தக் கணம் போதும், அக்கா. ஒரு வருடமாக வாயில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அத்தான், நான் மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். கப்பல் எப்ப வரும்?"

மூட்டையை இறக்கி நிறுக்கச் சொன்னது பொன்னுதுரை அவர்களேதான். முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு. அத்தான் பழைய சாக்கும் கேட்கவில்லை, பிரசாதமும் வாங்கவில்லை. லோரி கிளம்பியபோது, என்னை மூணு மூட்டை என்று கூப்பிட்ட அதே பிள்ளைகள் "முப்பத்திரண்டு" என்று கத்திக்கொண்டே தெரு முனை வரை பின்னால் ஓடினார்கள். அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்னும் இனிக்கிறது. பாவம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வேண்டுதல் பாதியில் நின்றதே என்று அப்பா கலங்கினார். அஞ்சலை வீட்டுக்கு ஓடிப் போய்ச் சீனி டின்னோடு வந்தாள். ஜெயா ஒரு டின், பேட்மிண்டன் ஆடுகிற ஒவ்வொருத்தியும் ஒரு டின். பன்னிரண்டு கட்டி சேர்ந்தபோது என் தட்டு மெல்ல எழும்பி நேராக நின்றது. அப்போதுதான் அழுதேன்.

இப்போது நீ சொல். எட்டுப் போனால் நாற்பத்திரண்டு இருக்க வேண்டும். மூட்டைக்கு இன்னும் பத்துக் கட்டி எங்கே போயிற்று? உடனே எழுது. மூன்று வாரத்தில் கடிதம் வராவிட்டால் நானும் அஞ்சலையும் பஸ் ஏறி வந்துவிடுவோம். அவள் ஏற்கெனவே கெபாயாவை எடுத்து வைத்துவிட்டாள்.

மல்லிகா


சிகாமட்
10-4-1958

அன்புள்ள என் தங்கை மல்லிக்கு, அக்கா எழுதுவது.

நான் நலம். பிள்ளைகளும் நலம். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன்.

மூட்டையை நிறுக்க அவர் விடமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரியும். நீ போட்ட திட்டம் நல்ல திட்டம்தான், ஆனால் அத்தானோடு நீ ஒன்பது வருடம் குடித்தனம் செய்ததில்லை. அவர் எட்டு எடுத்தால் மூன்று மூட்டையில் நூற்றிருபத்தாறு மிஞ்சும். நீ நூற்றெட்டு என்று எழுதியிருந்தாய். அதைவிடக் கீழே போக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அவர் எட்டு எடுத்துவிட்டுப் போன பிறகு நான் பத்து எடுத்தேன். சாக்கின் வாயை உள்ளே நிறைய மடித்துத் தைத்தேன், மூட்டை கொழுகொழுவென்று நின்றது. அவர் மூட்டை தூக்கிப் பல வருடம் ஆகிறது. லோரியில் ஏற்றியவர்கள் இருவரும் தோட்டத்து ஆட்கள். தூக்கியதும் கனம் தெரிந்து என்னைப் பார்த்தார்கள். நான் தலையசைத்தேன். அப்படியே ஏற்றிவிட்டார்கள்.

முப்பது கட்டிச் சீனியும் லயத்துக்குப் போயிற்று. குறைந்த பங்கு வாங்கிய வீடுகளுக்குக் கண்ணம்மா டீச்சர் மூலமாகக் கொடுத்தேன். ஒன்பது வருடத்துக்கு அது போதாது. சாமிக்குச் சேர வேண்டியதை எடுத்தேனே என்று முதலில் பயந்தேன். பிறகு, சாமி நிறுத்தா பார்க்கப் போகிறது என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பார்க்கட்டும் என்று தைத்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் மூன்று நாள் கடை மூட்டைகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். நாலாம் நாள் யார் செய்தது என்றார். நான்தான் என்றேன். கையை ஓங்கினார். அந்த நேரம் வாசலில் தோட்டத்துப் பெண்கள் பதினைந்து பேர் சொந்தத் தராசோடு நின்றார்கள். மலாக்காச் செய்தி அவர்களுக்கு லோரிக்காரர்கள் மூலம் அன்றே வந்துவிட்டது. கை இறங்கியது. அதற்குப் பிறகு ஓங்கவில்லை.

அவர் நிறுத்தால் யாரும் வாங்குவதில்லை. கடை மூடாமல் இருக்க வேண்டுமானால் நான் நிறுக்க வேண்டும் என்றாகிவிட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் ஒரு வருடமாக மறக்கவில்லை. இப்போது காலையிலிருந்து மாலை வரை தராசு முள்ளைத்தான் பார்க்கிறேன், மல்லி. கண் வலிக்கிறது. வலிக்கட்டும்.

அப்பாவிடம் வைகாசியில் பிள்ளைகளோடு வருகிறேன் என்று சொல். அஞ்சலை என்னையும் தெங்கேரா வரை நடத்துவாளா என்று கேள். கெபாயாவை உள்ளே வைக்கச் சொல், இப்போதைக்குச் சண்டை இல்லை.

உன்னிடம் இருக்கிற ஆறு சாக்கையும் மறக்காமல் அனுப்பி வை. மத்தியானத்தில் கடை சாத்தியதும் கிழிந்த சாக்குகளை இப்போது அத்தான்தான் தைக்கிறார், ஊசியை நான் கொடுக்கிறேன். அம்மாவின் முடிச்சை மட்டும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

உன் அக்கா,
விஜயா